முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727.

அன்பர்கள் இந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சிரமப்பட வேண்டாம். நம் வழக்கப்படி சொல்வதானால், சுமார் 1,701 என்று ஆரம்பித்து, அதன் பின்னால் ‘கோடி’ என்ற சொல்லை ஐந்து தடவை சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கோ மிகச் சுலபமான வழி இருக்கிறது. இரண்டின் 127-வது அடுக்கை எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் வந்துவிடும். இது ஒரு பகா எண். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது.

1876-ம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் எடுவார் லூக்கா என்ற பள்ளி ஆசிரியர் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். (ஆங்கில வழியில் படித்த நாம் அவரை லூகாஸ் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம்.) அது முதல் 1951 வரை, முழுசாக 75 வருஷங்கள், உலகம் அறிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியதாக இருந்தது. யந்திரம் எதுவும் இல்லாமல் கையால் கணக்குப் போட்டுக் கண்ட பகா எண்களில் இன்றைக்கும் இதை மிஞ்சியது இல்லை. இனி ஒருவர் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து இதை முறியடிப்பார் என்றும் தோன்றவில்லை.

நான் கணித நிபுணன் அல்லன். பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு மத்திய அரசின் தணிக்கைப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாமல், ‘வவுச்சர் எங்கே?’ என்று கேட்பது எங்கள் இலாகாவின் பிறவிக் குணம். இந்த எண்ணின் சரித்திரத்தில் என்னை ஈர்த்ததும் அந்த விஷயம்தான். 39 இலக்கம் கொண்ட ஒன்றுக்குக் காரணியே கிடையாது என்று ஒருவர் சொன்னால், அதை எப்படி நம்புவது? ஒன்றொன்றாக வகுத்துப் பார்த்தாரா? அது நடக்கிற காரியமா?

கதை 1876-க்கு வெகு முன்பே ஆரம்பிக்கிறது. இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 3, 7, 15, 31, 63, 127. இவற்றில் 15-ம் 63-ம் பகா எண்கள் அல்ல. காரணம் எளிது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகத்தான் இருக்கும். 6 என்பது 2 பெருக்கல் 3. ஆகவே ஆறாவது அடுக்கிலிருந்து வரும் 63-ஐ, இரண்டாவது அடுக்கில் வரும் 3-ம் மூன்றாவது அடுக்கில் வரும் 7-ம் வகுத்துவிடுகின்றன. எனவே அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம். அது மட்டும் போதுமா என்றால், போதாது. 11 பகா எண்தான். ஆனால் 11-வது அடுக்கில் வரும் 2047 என்பது 23 பெருக்கல் 89. இதை ரேகியஸ் என்பவர் 1536-லேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இந்த எண்களுக்கு இவ்வளவு மவுசு ஏற்பட்டதற்குக் காரணம் கிரேக்க தேசத்து யூக்ளிட். 6 என்ற எண்ணின் காரணிகள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. 28-ன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவற்றுக்கு நிறைவெண்கள் என்று பெயர். மேற்சொன்ன வகையில் ஒரு பகா எண் கிடைத்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணைச் செய்துவிடலாம் என்று யூக்ளிட் நிரூபித்தார். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இந்த வழியில் வருபவையே என்று சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்குப் பிறகு ஆய்லர் நிரூபித்தார். ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று உண்டா இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

இந்த எண்களுக்குப் பெயர் கொடுத்தவர் பாரிஸ் நகரத்துத் துறவி மரேன் மெர்சென். 1588-ல் பிறந்து 1648-ல் மறைந்தவர். விஞ்ஞானப் பத்திரிகைகள் இல்லாத அந்தக் காலத்தில் ஃபெர்மா, தெக்கார்த் போன்ற பெரியவர்களுக்கு இடையே கடிதங்களை வாங்கி அனுப்பி, ஒரு தபாலாபீஸ் மாதிரி தொண்டு செய்தவர். 1644-ல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்ணைத் தரும், மற்றவை தரமாட்டா என்றார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெரிய எண்களை அவரால் பரிசோதித்திருக்க முடியாது என்பது அவர் காலத்தவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் பெரியவர் வாக்கு என்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பட்டியல் புழங்கி வந்தது.

தணிக்கை முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆட்சேபணைகள். 67-ம் 257-ம் தவறாகச் சேர்க்கப்பட்டவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பட்டியல் முழுவதையும் ஒன்று விடாமல் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது. மெர்சென் எழுதி 303 வருஷம்! எங்கள் இலாகாவிலும் சில பாராக்கள் தீர நாளாகும், ஆனால் இவ்வளவு இல்லை. 67 என்பது 61-க்குப் பதில் விழுந்த அச்சுப்பிழை என்று சிலர் மெர்செனுக்காக வாதாடியிருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டாலும் மூன்று பிழைகள் மிஞ்சும்.

பட்டியலை முதலில் கையில் எடுத்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஃபெர்மா 1640-ல் ஓர் அருமையான விதியைக் கண்டிருந்தார். அடுக்கு 11 என்றால், காரணி ஏதாவது இருக்குமானால் அது 22-ன் மடங்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 23 அப்படிப்பட்டது; 89-ம் அப்படியே (22 பெருக்கல் 4, கூட்டல் 1). அடுக்கு 37 என்றால் 74-ன் மடங்குக்கு ஒன்று கூடுதல். மூன்றாவது மடங்கிலேயே 223 அகப்பட்டுக் கொண்டது. இதனால் வகுத்துப் பார்க்க வேண்டிய எண்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆய்லர் இந்த விதியை இன்னும் கூர்மையாக்கி, 31-வது அடுக்கில் வரும் 2,147,483,647 பகா எண்தான் என்று 1772-ல் நிறுவினார். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. நூற்றுக்கணக்கான வகுத்தல்களைத் தவிர்த்து, காரணியாக இருக்கக்கூடிய சிலவற்றை மட்டும் சோதித்துத் தீர்ப்புச் சொன்னார். இந்த எண்ணை அன்பர்கள் வேறொரு சந்தர்ப்பத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். 32 பிட் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன அல்லவா? அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு, ஆய்லரின் இந்த எண்ணைத் தொட்டு நிரம்பிவிடும். பழைய யந்திரங்களை அதற்குள் மாற்றியாக வேண்டும்.

1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் எண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆய்லரின் எண்ணோடு தொடர்புடைய நிறைவெண்ணைப் பற்றிப் பேசும்போது, இனி இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இவை வெறும் வேடிக்கைப் பொருள்கள், உபயோகமற்றவை, ஆகையால் யாரும் முயற்சி எடுக்கமாட்டார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தார். இரண்டு வாதமும் பிசகிவிட்டன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி லூக்காவுக்கு வருவோம். 1842-ல் பிரான்ஸின் அமியேன் நகரில் பிறந்தவர். பாரிஸ் வான ஆராய்ச்சிக் கூடத்தில் லெவெரியே என்ற புகழ்பெற்ற வான நூலாரின் கீழ் சில காலம் வேலை செய்தார். 1870-ல் ஜெர்மனியோடு யுத்தம் வந்தபோது பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தார். யுத்தம் முடிந்தபின் கடைசிவரை பள்ளிக்கூட ஆசிரியர்தான். பெரிய சர்வகலாசாலைப் பதவி எதுவும் அவரைத் தேடி வரவில்லை. பொழுதுபோக்குக் கணிதம் பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அவருக்கு முன்னால் நின்ற மலை எத்தகையது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 127-வது அடுக்கின் எண்ணுக்குக் காரணி இருந்தால், ஃபெர்மா விதிப்படி அது 254-ன் மடங்குக்கு ஒன்று கூடுதல். ஆய்லரின் நுட்பத்தால் அவற்றிலும் பாதியைத் தள்ளிவிடலாம். அப்படியும் மிச்சம் இருப்பவை சுமார் 257 கோடி கோடி, அதாவது 257-க்குப் பின்னால் பதினான்கு பூஜ்யங்கள்! நிமிஷத்துக்கு ஒரு வகுத்தல் வீதம் ராப்பகலாகச் செய்தால் ஏறத்தாழ 4,900 கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருஷம்தான் என்கிறார்கள். ஆய்லரின் பாதை இங்கே முட்டுச்சந்தில் முடிந்துவிடுகிறது.

லூக்கா வகுப்பதையே விட்டுவிட்டார். அவர் கண்ட வழியை ஒரு சிறிய எண்ணில் செய்து காட்டுகிறேன். பேரன் பேத்திகளை உட்கார வைத்து நீங்களும் செய்து பார்க்கலாம். அடுக்கு 7, எண் 127 என்று வைத்துக்கொள்வோம். 3 என்று ஆரம்பியுங்கள். அதை வர்க்கம் செய்து இரண்டைக் கழியுங்கள்: 7. மறுபடி வர்க்கம் செய்து இரண்டைக் கழித்தால் 47. மறுபடி செய்தால் 2207. இது 127-ஐத் தாண்டிவிட்டதால் 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 48. அடுத்து 2302, மீதி 16. அடுத்து 254, அது 127-ன் இரு மடங்கு, மீதி பூஜ்யம். ஆக 3, 7, 47, 48, 16, 0. அடுக்கு 7 என்றால் ஆறாவது இடத்தில் பூஜ்யம் வர வேண்டும்; வந்துவிட்டது. 127 பகா எண் என்பது சித்தம். எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்கவே இல்லை!

இதையே 2047-க்குச் செய்தால் 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, 160 என்று போய், பத்தாவது இடத்தில் 1034 நிற்கும். பூஜ்யம் இல்லை. ஆகவே பகா எண் இல்லை. ஆனால் 23, 89 என்ற காரணிகளைப் பற்றி இந்தக் கணக்கு ஒரு வார்த்தை சொல்லாது. காரணி உண்டு என்கிறது, எது என்று சொல்ல மறுக்கிறது. எனக்கு இது முதலில் விளங்கவே சில நாள் பிடித்தது. (3 என்று ஆரம்பிக்கும் இந்த வழி, அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்களுக்குத்தான் செல்லும். 7, 11, 67, 127 எல்லாம் அந்த ரகம்.)

127-வது அடுக்குக்கு இதே காரியத்தை 125 தடவை செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணின் வர்க்கம். பெருங்கஷ்டம்தான், ஆனால் மனித சாத்தியம். லூக்கா இதற்கு ஒரு யுக்தி செய்தார். பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட பெரிய சதுரங்கப் பலகை போன்ற ஒன்றை வைத்து, காய்களை நகர்த்திக் கணக்கைப் போடும் முறையை விவரித்தார். காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இன்று கம்ப்யூட்டர் செய்யும் அதே இரட்டை எண் முறை. இதில் ஒரு பெரிய லாபம், வகுத்து மீதி காணும் வேலையே மிச்சம். மேலே நாம் போட்ட சிறு கணக்கில் 128 என்பது 127-ஐவிட ஒன்று கூடுதல். ஆகவே 128-ன் கட்டத்துக்குப் போகும் காயை எடுத்து 1-ன் கட்டத்திலேயே வைத்துவிடலாம். கடைசியில் வந்த 16-ன் வர்க்கம் 256, அதாவது இரண்டு 128. அது மடங்கி வந்து 2 ஆகிறது. இரண்டைக் கழித்தால் பூஜ்யம். பலகையின் இடது ஓரத்தில் வழிந்த காய் வலது ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பல்லாங்குழி ஆடிய நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

3, 7, 47, 2207 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று, முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் வரிசையில் இரண்டாவது, நான்காவது, எட்டாவது, பதினாறாவது எண்கள் அவை. 1, 1, 2, 3, 5, 8 என்ற பிரசித்தமான வரிசையின் உடன்பிறப்பு இது. அந்த வரிசைக்கு ஃபிபோனாச்சி என்ற இத்தாலியரின் பெயர் நிலைத்ததற்கும் லூக்காவே காரணம். ஃபிபோனாச்சியின் நூல் 1202-ல் வந்தது. அதற்கு முன்பே, யாப்பில் குறிலும் நெடிலும் எத்தனை விதமாகச் சேரும் என்ற கேள்வியில் விரஹாங்கரும் ஹேமசந்திரரும் இதே எண்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அதே சந்தஸ் சாஸ்திரத்தில், பிங்கலர் இரண்டின் அடுக்கைச் சீக்கிரம் கணக்கிடச் சூத்திரம் தந்திருக்கிறார். ஒற்றைப்படையானால் ஒன்றைக் கழி, இரட்டைப்படையானால் பாதியாக்கு. பிறகு திரும்பி வரும்போது கழித்த இடத்தில் இரட்டிப்பு, பாதியாக்கிய இடத்தில் வர்க்கம். 127-க்கு இதைச் செய்தால் ஏழு இரட்டிப்பும் ஆறு வர்க்கமுமாகப் பதின்மூன்றே படிகளில் அடுக்கு வந்துவிடும். இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு, லூக்காவின் சோதனையும் நம்மவர் சொன்னதே என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பிங்கலருக்கு உரியதைப் பிங்கலருக்கும், லூக்காவுக்கு உரியதை லூக்காவுக்கும் கொடுப்பதுதான் முறை.

லூக்காவின் கணக்குக்கு அப்போது சாட்சி கிடையாது. அவர் ஒருவர் போட்ட கணக்கு. 125 வர்க்கங்களில் ஓரிடத்தில் ஒரு காய் தவறினாலும் முடிவு வீண். பூஜ்யம் தற்செயலாக வந்து உட்காராது என்பது ஒரு தைரியம்தான். தப்பாகக் கணக்கிட்டவனுக்குப் பூஜ்யம் வாய்ப்பது அபூர்வம். ஆனால் வேறொரு குறை இருந்தது. அவர் எழுதிய விதிகளின் நிரூபணங்களில் இடைவெளிகள் இருந்தன. அமெரிக்காவில் கார்மைக்கேல் 1913-ல் பலவற்றைத் திருத்தி ஒழுங்குபடுத்தினார். 1914-ல் பிரான்ஸில் ஃபோக்காம்பெர்க் என்பவர் 127-வது அடுக்கின் கணக்கைத் தனியாகப் போட்டு லூக்கா சொன்னது சரி என்றார். 1930-ல் லேமர் என்ற அமெரிக்கர், 3-க்குப் பதில் 4 என்று ஆரம்பித்தால் 2 நீங்கலாக எல்லா அடுக்குக்கும் இதே சோதனை செல்லும் என்று முழு நிரூபணத்தோடு எழுதினார். இன்று உலகம் முழுவதும் லூக்கா-லேமர் சோதனை என்று சொல்வது இதைத்தான். சுருங்கச் சொன்னால், சரியான முடிவு முதலில் வந்தது. வவுச்சர்கள் பின்னால் வந்து சேர்ந்தன. மெர்சென் விஷயத்தில் வவுச்சரும் வரவில்லை, முடிவும் சரியில்லை.

அதே 1876-ல் லூக்கா இன்னொன்றையும் சொன்னார். 67-வது அடுக்கின் எண் பகா எண் அல்ல. மெர்செனின் பட்டியலில் விழுந்த முதல் அடி. ஆனால் காரணிகள் யாருக்கும் தெரியாது! 27 வருஷங்கள் கழிந்தன. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் ஒரு பக்கம் 67-வது அடுக்கைக் கணக்கிட்டு 147,573,952,589,676,412,927 என்று எழுதினார், மறுபக்கம் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினார், இரண்டும் ஒன்றே, போய் உட்கார்ந்தார், சபை கைதட்டியது என்று கணித வரலாற்றாசிரியர் பெல் எழுதியிருக்கிறார். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் கதையைக் கொஞ்சம் ஜோடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் பெருக்கல் ஜோடனை அல்ல. நம் அங்கத்தினர்களில் பாங்க்கில் இருந்தவர்கள் ஒன்பது தள்ளிப் பார்க்கலாம். முதல் எண்ணின் இலக்கங்கள் 37, அதாவது 1. இரண்டாவது 64, அதுவும் 1. பெருக்குத்தொகை 109, அதுவும் 1. (ஒன்பது தள்ளினால் பிழை இருப்பது தெரியலாமே தவிர, பிழையே இல்லை என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. இது பாங்க்காரர்களுக்கும் தெரியும்.)

விடுபட்ட மூன்றையும் பிடித்தவர்களில் கணிதத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களே முன்னால் நிற்கிறார்கள். 61-ஐ 1883-ல் கண்டவர் ருஷ்ய தேசத்தில் யூரல் மலைப் பக்கத்துப் பாதிரியார் பெர்வூஷின். 89-ஐ 1911-லும், 107-ஐ 1914-லும் கண்டவர் அமெரிக்காவின் டென்வர் நகரத்து பவர்ஸ். மூன்றுமே லூக்காவின் எண்ணைவிடச் சிறியவை. ஆகவே அவர் சாதனைக்குப் பங்கமில்லை.

லூக்காவைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியாமலே தெரிந்த ஒன்று உண்டு. மூன்று கம்பங்கள், ஒன்றில் அடுக்கிய வட்டுகள், பெரியது சிறியதன் மேல் ஏறாமல் வேறு கம்பத்துக்கு மாற்றும் விளையாட்டு. ‘ஹனாய் கோபுரம்’ என்று கடைகளில் விற்கிறார்களே, அதைப் படைத்தவர் அவர்தான். 1883-ல் தம் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு, சயாம் தேசத்துப் பண்டிதர் என்று புனைபெயரில் வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளை அர்ச்சகர்கள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடியும்போது உலகம் முடியும் என்ற கதை இந்தப் பொம்மையோடு பிறந்தது. 1884-ல் பார்வீல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அதை விரித்து எழுதினார். காசியில் அப்படியொரு கோயில் கிடையாது. ஆனாலும் ‘நம் முன்னோர்கள் கணித்த பிரளய காலம்’ என்று இது சுற்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பாரிஸில் தயாரித்த சரக்கு. கணக்கு மட்டும் உண்மை. 64 வட்டுக்கு, இரண்டின் 64-வது அடுக்கில் ஒன்று குறைவான தடவைகள் மாற்ற வேண்டும். விநாடிக்கு ஒன்றானால் 58,000 கோடி வருஷத்துக்கு மேல். வட்டுகள் 127 என்றால் மாற்ற வேண்டிய தடவைகள் நம் 39 இலக்கப் பகா எண்ணேதான்.

1891-ல் மார்செய் நகரில் விஞ்ஞானிகள் மாநாட்டு விருந்தில் பரிசாரகர் கை தவறி ஒரு தட்டு உடைந்து, சில்லு லூக்காவின் கன்னத்தில் கீறியது. அந்தப் புண் விஷமேறிச் சில நாட்களில் காலமானார். வயது 49.

சாதனை முறிந்த வருஷம் 1951. பிரான்ஸில் ஃபெரியே என்பவர் மேஜைக் கால்குலேட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆபீசில் கைப்பிடியைச் சுற்றும் ஃபாசிட் யந்திரம் இருந்தது. அது போடும் சத்தத்தையும், மாதக் கடைசியில் கை வலித்த வலியையும் நினைத்தால், ஃபெரியேக்கு ஒரு நமஸ்காரம் போடத் தோன்றுகிறது. அதே வருஷம் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் என்ற கம்ப்யூட்டரில் 79 இலக்க எண்ணைக் கண்டார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் ரசமானது. லூக்காவின் எண்ணை வர்க்கம் செய்து, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார்கள். பழைய சக்கரவர்த்தியின் தோளில் ஏறியே புதியவர் பட்டத்துக்கு வந்தார். 1952 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் என்ற கம்ப்யூட்டரில், ராபின்சன் எழுதி அனுப்பிய புரோகிராம், 521, 607 என்ற இரண்டு அடுக்குகளை ஒரே நாளில் கண்டது. அந்த வருஷத்துக்குள் 1279, 2203, 2281 என்று மூன்றும் வந்துவிட்டன. பயன்பட்டது லூக்கா-லேமர் சோதனையே.

1996 முதல் உலகெங்கும் சாதாரண ஜனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஓய்வு நேரத்தில் இந்தத் தேடலுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஜார்ஜ் வோல்ட்மன் ஆரம்பித்த கூட்டு முயற்சி இது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டியூரன்ட் அதில் கண்ட எண்ணின் அடுக்கு 136,279,841. இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320. மெர்சென் வகையில் அறியப்பட்ட 52-வது பகா எண் அது. இறுதி முத்திரை குத்தியது அதே பழைய சோதனைதான்.

நம் தேசத்தின் பங்கு வேறு திசையில். லூக்காவின் வழி ஒரு குறிப்பிட்ட வகை எண்களுக்குத்தான் பயன்படும். எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதிர்ஷ்டத்தையோ நிரூபிக்காத ஊகத்தையோ நம்பாமல், நியாயமான காலத்தில் தீர்ப்புச் சொல்ல வழி உண்டா என்பது வெகு நாள் கேள்வி. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் உண்டு என்று காட்டினார்கள். கட்டுரை 2004-ல் கணித உலகின் தலைசிறந்த பத்திரிகைகளில் ஒன்றில் வெளிவந்தது. 2006-ல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் கிடைத்தன. நிரூபணத்தின் எளிமையைக் கண்டு பெரிய பெரியவர்களே வியந்தார்கள். நடைமுறையில் மெர்சென் எண்களுக்கு லூக்காவின் சோதனைதான் இன்னும் வேகமானது.

உபயோகமற்ற வேடிக்கைப் பொருள் என்றாரே பார்லோ? 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் பெரிய பகா எண்களைக் கொண்டு ரகசியம் காக்கும் முறையைக் கண்ட பிறகு அந்தப் பேச்சு எடுபடாது. பென்ஷன் வரவைக் கைபேசியில் பார்க்கிறோமே, அந்தப் பூட்டுகளுக்குப் பின்னால் பகா எண்கள் இருக்கின்றன. லூக்காவின் எண்ணுக்கே உத்தியோகம் கிடைத்திருக்கிறது. 128 பிட் இடத்தில், கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் இருவர் ‘ஃபோர்க்யூ’ என்ற ரகசியக் குறியீட்டு முறையை இந்தப் பகா எண்ணை அடிப்படையாக வைத்தே அமைத்தார்கள். காரணம், வழியும் காயை மறு ஓரத்தில் வைத்துவிடும் அதே சௌகரியம். யந்திரத்துக்கும் அது வேலையைக் குறைக்கிறது.

கடைசியாக ஒரு சங்கிலி. இரண்டின் 2-வது அடுக்கில் ஒன்று குறைந்தால் 3. இரண்டின் 3-வது அடுக்கில் ஒன்று குறைந்தால் 7. ஏழாவது அடுக்கில் 127. 127-வது அடுக்கில் நம் எண். எல்லாம் பகா எண்கள்! லூக்காவின் அறிவிப்பு வந்த அதே 1876-ல் கத்தலான் என்ற கணித மேதை இதைக் கவனித்து, சங்கிலி இப்படியே தொடருமா என்று கேட்டார். அடுத்த எண்ணை எழுதிவைக்க இடம் கிடையாது. அதன் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்கம் கொண்டது. அதற்குக் காரணி இருந்தால் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று ஃபெர்மாவின் விதி சொல்லும். அந்த வழியில் தேடியவரையில் ஒன்றும் அகப்படவில்லை. லூக்காவின் சோதனையும் அதற்குச் செல்லும். ஆனால் வர்க்கம் செய்து இரண்டைக் கழிக்கும் வேலையை எத்தனை தடவை செய்ய வேண்டும் தெரியுமா? இந்தக் கட்டுரையின் முதல் வரியில் உள்ள எண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் எவ்வளவோ, அத்தனை தடவை.